போட்டாச்சு என்று சொன்னவள்

எனக்குச் சத்தம் போட்டுப் பேசிப் பழக்கமில்லை. "உனக்குக் கோபம் வந்தா வீட்ல இருக்கற எங்களுக்கே தபால் போட்டுத்தான் தெரிவிக்கணும்" என்று எங்கள் அண்ணி கேலி செய்வாள். ஆகையால் நான் நிதானமாகப் பேசுவதைப் பார்த்து, இந்தப் பெண் மனம் உடைந்து போய் வந்திருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம், ஐயா. தண்ணீர் போதும். டீ வேண்டாம்.

விசாரணை முடிந்துவிட்டது, விபத்து என்று எழுதியாகிவிட்டது, இனி நீ எதற்கம்மா வந்தாய் என்று கேட்டீர்கள். எழுதியதில் ஒரு பிழை இருக்கிறது. அதைத் திருத்த வந்தேன். பிழையோடு ஒரு காகிதம் எங்கோ அலமாரியில் கிடக்கிறது என்று தெரிந்தால் எனக்குச் சோறு இறங்காது. வெளியே கிளம்பினால் சமையல் கேஸை மூடினேனா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். பூட்டை இழுத்துப் பார்ப்பேன். படி இறங்கிவிட்டு மறுபடி ஏறி வந்து இழுத்துப் பார்ப்பேன். அந்தக் குணத்துக்காகத்தான் லேசர் ஆய்வகத்தில் என்னை உதவியாளராக எடுத்தார்கள். அந்தக் குணத்துக்காகத்தான் அவர் எனக்குச் 'சந்தேகம்' என்று பெயர் வைத்தார்.

அவர் என்றால், கண் போனவர். எங்கள் ஆய்வகத்தின் மூத்த ஆராய்ச்சியாளர். அவருக்கும் நாங்கள் ஒரு பெயர் வைத்திருந்தோம். எப்போது கூப்பிட்டாலும் "ஒரு நொடி, இதோ வந்துட்டேன்" என்பார். அரைமணி கழித்து வருவார். ஆகவே முதுகுக்குப் பின்னால் அவர் 'ஒருநொடி'. ஒரு நொடியைக் கோடித் துண்டாக வெட்டி, அதில் ஒரு துண்டை எடுத்து மறுபடி கோடித் துண்டாக வெட்டினால் எவ்வளவு மிஞ்சுமோ அவ்வளவு நேரத்தில் வேலை செய்கிற மனிதருக்கு, முழு நொடி எவ்வளவு நீளம் என்பதே மறந்துவிட்டது என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அங்கே நடக்கும் வேலை என்னவென்று தெரியாவிட்டால் நான் செய்தது உங்களுக்குப் புரியாது. சுருக்கமாகச் சொல்கிறேன்.

நாங்கள் வைத்திருந்த சாயத்தின் மூலக்கூறு ஒரு வளையம். வெளிச்சம் பட்டால் அது ஓரிடத்தில் அறுந்து திறந்துகொள்ளும். மூடிய வளையத்தைப் பார்த்துவிடலாம். திறந்த பிறகும் பார்த்துவிடலாம். நடுவே, பாதி திறந்திருக்கும் நிலையில் அதைப் பிடிப்பதுதான் கஷ்டம். நீங்கள் ஒரு தடவை கண் இமைக்கிற நேரத்தில் அது லட்சம் கோடி தடவை திறந்துவிடும். அதைப் பிடிக்க, லேசரிலிருந்து வருகிற ஓர் ஒளித் துடிப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். வலுவான பாதி முன்னால் போய் வளையத்தை அறுக்கும். மெலிந்த பாதி பின்னால் போய் என்ன ஆயிற்று என்று பார்த்து வரும். எவ்வளவு பின்னால் என்பதுதான் முக்கியம். அதற்கு எந்தக் கடிகாரமும் உதவாது. மெலிந்த துடிப்பின் பாதையை நீளமாக்குவார்கள், அவ்வளவுதான். குட்டித் தண்டவாளம் போன்ற ஒன்றின் மேல் மிரர்கள் நகரும். தலைமுடியின் தடிமன் அளவுக்கு நகர்ந்தால் போதும். ஒளி போய்ச் சேர்வதற்குள் வளையம் திறந்து முடிந்திருக்கும்.

ஜன்னல் இல்லாத அறை அது. சுவரெல்லாம் கறுப்புத் திரை. நடுவில், அதிர்வு ஏறாதபடி காற்றடைத்த கால்களின் மேல் நிற்கும் பெரிய இரும்பு மேசை. வாசலில் ஒரு தட்டு இருக்கும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அதில் கழற்றிப் போட்டுவிட்டு, பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். சாயத்தைக் கரைப்பது, சின்னச் சதுரக் குப்பிகளில் ஊற்றுவது, ஊற்றிய குப்பிகளை அடுத்த நாளுக்குக் கழுவி வைப்பது என் வேலை. சாயங்காலம் மாலைக் கல்லூரியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்தேன். ஒருநொடி சாருக்கு அது தெரியும். ஆறு மணி ஆனால் "கிளம்பும்மா, கிளாஸ் முக்கியம்" என்று அவரே விரட்டுவார். கருவியை எப்படி ஓட்டுவது என்று எனக்குக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். வேறு யாரும் ஓர் உதவியாளரிடம் அந்தச் சாவியைக் கொடுத்திருக்க மாட்டார்கள். இதை நான் மறைக்கவில்லை. அவர் கெட்டவர் என்று சொல்ல நான் வரவில்லை.

அவருக்கு அந்தப் பாதி வளையம் கிடைத்துவிட்டது. திரையில் ஒரு சின்னக் குன்று மாதிரி எழுந்து சட்டென்று விழுந்தது. துறைத்தலைவர் மேடம் ஓடி வந்து பார்த்தார். யாரோ இனிப்பு வாங்கி வந்தார்கள். எனக்கு அந்த இனிப்பு வாயில் இருக்கும்போதே உறுத்தல் தொடங்கிவிட்டது.

இந்த வேலையில் பொய்க்குன்று என்று ஒன்று உண்டு. இரண்டு துடிப்பும் ஒரே கணத்தில் சந்தித்துக்கொள்ளும்போது, உள்ளே சாயமே இல்லாவிட்டாலும், வெறும் திரவமும் குப்பியின் கண்ணாடியும் சேர்ந்து ஒரு மேட்டைக் காட்டும். வேதிவினை எதுவும் இல்லை. ஆனால் பார்க்க அப்படியே வேதிவினை மாதிரி இருக்கும். ஆகவே சாயம் போடாமல், வெறும் திரவத்தை மட்டும் ஊற்றி ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும். சார் ஓட்டியிருந்தார். ஆனால் அது பழைய ஓட்டம். அதற்குப் பிறகு லேசரைத் திறந்து சரிசெய்திருந்தார்கள். மறுபடி ஓட்டவில்லை. நான் கேட்டேன். "ஒரு நொடிம்மா, பாத்துக்கலாம்" என்றார்.

அவருடைய ஒரு நொடி எப்படிப்பட்டது என்று சொன்னேன் அல்லவா?

அவர் சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம் நானே ஓட்டினேன். கழுவி வைத்த குப்பியை எடுத்தேன். வெறும் திரவம் ஊற்றினேன். குன்று எழுந்தது. அதே இடம், அதே வடிவம். சாயமே இல்லாத குப்பியில் பாதி திறந்த வளையம்.

உடனே யாரிடமும் சொல்லவில்லை. இன்னொரு தடவை ஓட்டினேன். மிரர்களைப் பின்னால் இழுத்து ஓட்டினேன். என் மேலேயே எனக்கு நம்பிக்கை கிடையாது, ஐயா. தேர்வில் விடை சரியாக இருந்தாலும் அடித்துவிட்டுத் தப்பாக எழுதி வருகிறவள் நான். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுவிட்டுத்தான் மேடம் நடத்தும் வாராந்திரக் கூட்டத்துக்கு அந்தப் படத்தை எடுத்துப் போனேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் அறை முழுக்க இருந்தவர்கள் நான் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்காமல் கேட்டார்கள்.

ஒருநொடி சார் படத்தை வாங்கிப் பார்த்தார். ஒரு முழு நொடிகூடப் பார்க்கவில்லை. பிறகு சிரித்தார்.

"குப்பியச் சரியா கழுவலம்மா நீ."

அறையே சிரித்தது. மேடமும் சிரித்தார். "அதான பாத்தேன், ஒரு நிமிஷம் என் வயித்தையே கலக்கிட்டியே" என்றார். சார் என் தோள்பக்கம் குனிந்து, "சாயம் கண்ணாடியில ஒட்டிக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனா இவ்வளவு தூரம் யோசிச்ச பாரு, அது பெரிய விஷயம்" என்றார். அது பாராட்டு. மற்றவர்கள் காதில் விழாதபடி, சிரிப்பு அடங்குவதற்கு முன்பே சொல்லப்பட்ட பாராட்டு. கழுவலம்மா என்பதுதான் எல்லார் காதிலும் விழுந்தது.

அதன் பிறகு என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நீங்களும் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர்தானே. டீக் கோப்பையை நீட்டினால் "கழுவினதுதானே?" கை குலுக்கினால் "கழுவிட்டியா?" ஒரு நாள் கதவில் யாரோ சோப்புக் கட்டி ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். நான் அதை அவிழ்த்துக் கழுவும் தொட்டியில் வைத்து உபயோகித்தேன். நல்ல சோப்பை ஏன் வீணாக்க வேண்டும்?

வீட்டில் அண்ணியிடம் மட்டும் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, அவர் சொன்னது நெஜமா பொய்யா?"

"தெரியாது அண்ணி."

"தெரியாதா? அப்ப எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? தப்பா இருந்தா அவர்கிட்ட சண்ட போடு. சரியா இருந்தா குப்பியக் கழுவு."

அண்ணிக்கு எல்லாம் இப்படி இரண்டு அடுக்காகத்தான் தெரியும். துணி மடிக்கிற மாதிரி. இதில் மூன்றாவது அடுக்கு ஒன்று இருக்கிறது. அவர் சொன்னது சரியா தப்பா என்பதல்ல. சொன்னபோது அவருக்குத் தெரியுமா என்பது. அவர் புதுக் குப்பியை எடுக்கவில்லை. திரவத்தை ஊற்றவில்லை. ஓட்டிப் பார்க்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து, என் வேலை அசுத்தமாகத்தான் இருக்கும் என்று முடிவு செய்தார். அது அறிவு அல்ல, ஐயா. அது ஊகம். என்னுடையது சோதனை. ஒரு சோதனையை ஒரு ஊகம் எல்லார் முன்னாலும் சிரித்தே கொன்றது.

அந்தப் பாதி வளையம் பற்றிய கட்டுரை அச்சுக்குப் போவதற்கு முன்னால் சார் என்னைக் கூப்பிட்டுக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். முகம் பூத்திருந்தது. "பாரு, உன் பேரு வந்திருக்கு." நன்றி சொல்லும் பகுதியில் என் பெயர் இருந்தது. கண்ணாடிக் குப்பிகளைத் தூய்மை செய்து உதவியவர் என்று.

அவர் கேலியாக எழுதவில்லை. அதுதான் விஷயம். மனசாரச் சந்தோஷப்பட்டு எழுதியிருந்தார். நான் "ரொம்ப நன்றி சார்" என்றேன். அவர் "அம்மாகிட்ட காட்டு" என்றார். அம்மாவிடம் காட்டவில்லை.

இப்போது அந்த நாளைப் பற்றி.

ஒவ்வொரு நாள் காலையிலும் இரண்டு துடிப்பும் குப்பிக்குள் ஒரே புள்ளியில் சந்திக்கின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தால் அந்தப் புள்ளி தெரியாது. அந்த வெளிச்சத்தைத் தடுப்பதற்குத்தானே கண்ணாடியே. அதற்குக் கேமரா வைத்துப் பார்க்கலாம். விதியும் அதுதான். ஆனால் கேமரா பொருத்த நேரமாகும். ஒருநொடி சாருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஆகவே எங்கள் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. லேசர் வெளிவரும் முனையில் நான் நிற்பேன். நடுவில் திரை. மேசையின் மறுமுனையில், குப்பிக்குப் பக்கத்தில், அவர். அவர் "ஃபில்டர்?" என்று கேட்பார். நான் கறுப்பு ஃபில்டரை ஒளியின் குறுக்கே இறக்கிவிட்டு "போட்டாச்சு" என்பேன். ஃபில்டர் போட்டால் ஒளி ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. அதன் பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, குனிந்து பார்ப்பார். பிறகு "எடு" என்பார். நான் எடுப்பேன்.

வருடக்கணக்காக அப்படித்தான். ஃபில்டர், போட்டாச்சு, எடு. எங்களுக்குள் இருந்த பேச்சிலேயே அதுதான் நேரடியானது. அதில் கேலி கிடையாது, பாராட்டும் கிடையாது. நான் போட்டாச்சு என்றால் போட்டாச்சு. கூட்டத்தில் என் சோதனையை நம்பாத மனிதர், தினமும் காலையில் என் ஒரு வார்த்தையை நம்பிக் கண்ணைக் கொடுத்தார். அது அவருக்கு உறைத்ததாகவே தெரியவில்லை. எனக்கு உறைத்தது. குப்பி கழுவத் தெரியாதவள் ஃபில்டர் மட்டும் ஒழுங்காகப் போடுவாள் என்று எப்படி முடிவு செய்தார்? அதையும் சோதித்துப் பார்க்கவில்லை. அதுவும் ஊகம்.

அன்றைக்கு அவர் உற்சாகமாக இருந்தார். உள்ளே வரும்போதே "என்னம்மா சந்தேகம், கேஸ மூடினியா?" என்றார்.

"மூடிட்டேன் சார்."

"நிச்சயமா?"

"நிச்சயமா சார்."

"பாரேன், நிச்சயமாம். இன்னிக்கு மழதான்."

மேசையின் மறுமுனைக்குப் போனார். ஏதோ ஒரு மெட்டை முணுமுணுத்தார்.

"ஃபில்டர்?"

ஃபில்டர் என் உள்ளங்கையில் இருந்தது. குளிர்ச்சியாக இருந்தது.

"போட்டாச்சு."

கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைக்கும் சத்தம் கேட்டது. முணுமுணுப்பு நின்றது. அவ்வளவுதான். அவர் கத்தவில்லை. சிறிது நேரம் கழித்து, "உள்ள ஏதோ டப்புனு வெடிச்ச மாதிரி இருந்துச்சும்மா" என்றார், ஆச்சரியமான குரலில். எங்கே சார் என்றேன். "தலைக்குள்ள" என்றார். வலி இருக்காது. ஒளி அவ்வளவு சீக்கிரம் வந்து போய்விடும், வலிக்க நேரம் இருக்காது. நான் லேசரை அணைத்தேன். முதலில் ஃபில்டரை அதன் இடத்தில் இறக்கினேன், பிறகுதான் அணைத்தேன். அந்த வரிசை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அதன் பிறகு அவரை நாற்காலியில் உட்காரவைத்து, வெளியே போய் மேடத்தைக் கூப்பிட்டேன்.

மருத்துவமனைக்கு நானும் போனேன். விழித்திரையின் நடுப்பகுதி எரிந்துவிட்டது, ரத்தம் கசிந்திருக்கிறது என்றார் கண் டாக்டர். நடு எரிந்தால் ஓரம் தெரியும். எதை நேராகப் பார்க்கிறோமோ அது மட்டும் தெரியாது. வாசலைப் பார்த்தால் வாசல் இருக்காது. சுற்றியுள்ள சுவர் இருக்கும். மனைவியின் முகத்தைப் பார்த்தால் காது இருக்கும், தலைமுடி இருக்கும், முகம் இருக்காது.

ஒரு கண்தானே, இன்னொரு கண் இருக்கிறதே என்று நீங்கள் முதல் நாள் கேட்டீர்கள். விசாரணைக் குழுவில் யாரோ அதை ஆறுதலாகவே சொன்னார்கள். அவருக்கு இடது கண் சின்ன வயதிலிருந்தே சரியில்லை. அதில் வெளிச்சமும் நிழலும்தான் தெரியும். "எனக்கு இருக்கறதே ஒண்ணே கால் கண்ணு, அதையும் லேசருக்கு அடகு வச்சிருக்கேன்" என்று அவரே தமாஷாகச் சொல்வார். குனிந்து பார்க்கும்போது எப்போதும் வலது கண்ணால்தான் பார்ப்பார். இது ஆய்வகத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும்.

ஆம். முன்பே தெரியும்.

அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "நீதானா அந்தச் சந்தேகம்? வீட்ல வந்தா உன் பேச்சுதான். அந்தப் பொண்ணு ஒருத்திதான் என்னையே கேள்வி கேக்கறா, அவள எப்படியாவது மேல படிக்க வைக்கணும்னு சொல்லிட்டே இருப்பார்" என்றாள். என் முன்னால் ஒரு தடவையாவது அதைச் சொல்லியிருக்கலாம். நான் அந்த அம்மாளுக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். அவர் கட்டுப் போட்ட கண்ணோடு படுத்திருந்தார். என் காலடிச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்து, "கிளாஸுக்குப் போகலியா?" என்று கேட்டார்.

இவ்வளவு கேட்ட பிறகு உங்கள் மனதில் ஒரு கணக்கு ஓடும். தான் கண்டுபிடித்த உண்மையை யாரும் நம்பவில்லை, ஒரு பொய் அச்சேறப் போகிறது, அதைத் தடுக்க வேறு வழி தெரியாமல் இந்தப் பெண் இப்படிச் செய்துவிட்டாள் என்று. அப்படி எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். எனக்கும் தண்டனை குறையலாம். ஆனால் அது பிழை. நான் பிழை திருத்த வந்தவள்.

கூட்டம் நடந்து சில நாள் கழித்து, சரக்கு அறையிலிருந்து உறை பிரிக்காத புதுக் குப்பி ஒன்றை எடுத்தேன். வெறும் திரவம் ஊற்றினேன். ஓட்டினேன். பெரிய குன்று இல்லை. தொடக்கத்தில் ஒரு சின்ன மேடு, அவ்வளவுதான். அதன் பிறகு நான் கழுவி வைத்த குப்பிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டினேன். ஒவ்வொன்றிலும் குன்று. சாயம் ஒட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரியவில்லை. நான்தான் சரியாகக் கழுவவில்லை. பாதி திறந்த வளையம் உண்மை. கட்டுரையில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், லேசரை, மிரரை, அவரை. என் கையை மட்டும் சந்தேகப்படவில்லை. அதை அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்தார்.

இது தெரிந்த பிறகுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. அதற்கு முன்னால் இருந்ததெல்லாம் வருத்தம். யோசித்துப் பாருங்கள், ஐயா. அவர் தப்பாக இருந்திருந்தால் நான் ஒன்றுமே செய்திருக்க வேண்டாம். காத்திருந்தால் போதும். வேறு எங்கோ ஒருவர் அதே வேலையைச் செய்து பார்த்து, இது பொய்க்குன்று என்று ஊருக்கே சொல்லியிருப்பார். தப்பு செய்தவர்களைத் தண்டிக்க இந்தத் துறையில் வழி இருக்கிறது. ஆனால் அவர் சரி. சோதிக்காமலே சரி, சிரித்துக்கொண்டே சரி. அப்படிப்பட்டவரை யார் என்ன செய்ய முடியும்? எந்தக் கூட்டத்தில், எந்த மேடத்திடம் போய், இவர் சரியாகச் சொன்னார், அதனால் என் மானம் போயிற்று என்று முறையிடுவது? அவர் தப்பாகச் சொல்லி என்னை அவமானப்படுத்தியிருந்தால் மன்னித்திருப்பேன் என்றே நினைக்கிறேன். இதை நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன்.

இன்னொன்று. ஃபில்டர் இல்லாவிட்டாலும் ஒளி நேராக அவர் கண்ணுக்குப் போகாது. குப்பியின் முகத்தில் பட்டுத் திரும்பும் ஒளி கீழ்ப்பக்கமாகப் போய், அங்கே வைத்திருக்கும் கறுப்புத் தகட்டில் விழும்படி குப்பியைச் சாய்த்துப் பொருத்தியிருப்போம். அந்தத் தாங்கியின் திருகு நாளடைவில் தளர்ந்து குப்பி மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டது என்று உங்கள் அறிக்கையில் இருக்கிறது. திருகு தளரவில்லை. நான் காலையில் சீக்கிரமே போய்த் திருப்பினேன். அவர் குனிந்தால் முகம் எந்த உயரத்தில் இருக்கும் என்று தினமும் திரையின் இடைவெளி வழியாகப் பார்த்து வைத்திருந்தேன். ஃபில்டரைப் போட்டு, என் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஓர் அட்டையை அந்த உயரத்தில் பிடித்து, சிவப்புப் புள்ளி அதில் விழுகிறதா என்று சரிபார்த்தேன். விழுந்தது. அட்டையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தேன். விழுந்தது. என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே.

ஆகவே கைதவறியது, மறதி, அவசரம் எதுவும் இதில் இல்லை. ஒரு கணத்துக் கோபமும் இல்லை. பல வாரக் கோபம். பொறுமையாகச் செய்த வேலை.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். இருந்திருப்பேன். மேடம் எனக்குச் சில நாள் விடுப்புக் கொடுத்தார். சோப்புக் கட்டி கட்டியவர்கள் வந்து தோளைத் தட்டி, பயப்படாதே என்றார்கள். கழுவினதுதானே என்று இப்போது ஒருவரும் கேட்பதில்லை. வாழ்க்கை ஒழுங்காகத்தான் இருந்தது. நேற்று உங்கள் அறிக்கையின் நகல் ஆய்வகத்துக்கு வந்தது. அதில் அவர் கொடுத்த வாக்குமூலத்தைப் படித்தேன்.

"அந்தப் பொண்ணு ஒண்ணுமே சொல்லல. அவ சொல்றதுக்கு முன்னாடியே நான் அவசரப்பட்டுக் கண்ணாடியக் கழட்டிட்டேன். என் தப்புதான். பாவம், படிக்கிற பொண்ணு, அவள இதுல இழுக்காதீங்க."

நின்றுகொண்டே படித்தேன். படித்துவிட்டு உட்கார்ந்தேன்.

அவர் காதில் விழுந்தது, ஐயா. விழுந்ததால்தான் கண்ணாடியைக் கழற்றினார். கழற்றி மேசையில் வைத்த சத்தம் நான் சொன்ன பிறகுதான் கேட்டது. அவருக்கு அது தெரியும். தெரிந்துகொண்டு, நான் சொல்லவே இல்லை என்கிறார். கண்ணில் கட்டோடு படுத்துக்கொண்டு, பெரிய மனது பண்ணி, என் வார்த்தையைத் துடைத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தன் தப்பை எழுதிக்கொண்டார். இதிலும் அவர்தான் முதல் ஆள். இதிலும் நான் ஓரத்தில் நிற்கிற, பாவப்பட்ட, படிக்கிற பெண். ஒருவேளை அவர் என்னைக் காப்பாற்றுகிறார் என்று நீங்கள் சொல்வீர்கள். அண்ணியும் அதையேதான் சொன்னாள். இங்கே வரக்கூடாது என்று செருப்பை ஒளித்து வைத்தாள். அவளுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தேன். அவளுக்குப் புரியவில்லை. நான் எந்த உபகாரமும் கேட்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். திருகைத் திருப்பியது நான். உயரத்தை அளந்தது நான். எந்தக் கண் என்று தெரிந்து செய்தேன். ஃபில்டரைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கேட்டபோது, தெளிவாக, அவர் காதில் விழும்படி, போட்டாச்சு என்று சொன்னது நான். நான் என் வாழ்க்கையில் செய்த வேலைகளில் ஒரே தடவையில் சரியாக வந்தது இது ஒன்றுதான். அதைப் போய் ஒருவருடைய கவனக்குறைவு என்றும் தளர்ந்த திருகு என்றும் எழுதி வைத்திருக்கிறீர்கள்.

அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள், ஐயா. என் பெயர் மட்டும் போதும். இதில் எனக்கு யாரும் உதவவில்லை.